சூலையும் குன்மமும் குடற்புண்ணும்: தென்னாட்டு வயிற்றுவலிக்குக் காரணம் தேடிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புறத்தே எந்த அடையாளமும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுவலிக்குத் தென்னாட்டில் காலந்தோறும் கூறப்பட்ட காரணங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திருநாவுக்கரசரின் சூலை, சித்த மருத்துவத்தின் குன்மம், நெய்யூர் மருத்துவமனையின் அறுவை அனுபவம், குன்னூர் உணவாய்வு, 1982இல் வளர்க்கப்பட்ட நுண்ணுயிரி ஆகியவை இதற்குச் சான்றுகளாகின்றன. வலியை அனுபவித்தவர் காரணம் அறியாது நின்ற இடத்தைப் பிறர் தம் கையில் இருந்த கருவியைக் கொண்டு நிரப்பினர் என்பதும், பழைய நோய்ப்பெயர்களைப் புதிய நோய்ப்பெயர்களோடு நேர்ப்படுத்துவது இவ்வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சூலை, குன்மம், குடற்புண், நெய்யூர், மரவள்ளி, மருத்துவ வரலாறு

முன்னுரை

சேலையூரை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 செப்டம்பர் 3 அன்று திறந்து வைக்கப்பட்டது. சரியாக ஒரு திங்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று, அவ்வாண்டின் மருத்துவ நோபல் பரிசு ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவருக்கும் அறிவிக்கப்பட்டது. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் தோன்றும் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி காரணமாவதைக் கண்டறிந்தமைக்காக வழங்கப்பட்ட பரிசு அது. இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டையும் இணைக்கும் ஒரு சமன்பாடு சித்த மருத்துவப் பாடநூல்களிலும் தமிழ் மருத்துவம் குறித்த கட்டுரைகளிலும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது: குன்மம் என்பது குடற்புண். இச்சமன்பாடு சரியெனில், எண்வகைக் குன்மத்திற்கும் காரணம் பெர்த் நகரத்து ஆய்வுக்கூடத்தில் கிடைத்துவிட்டது என்றாகும். அவ்வாறு கொள்ள இடமுண்டா என்பதே ஆராயத்தக்கது.

அறியாத வலியும் அறிந்த காரணமும்

தமிழில் வயிற்றுவலியைத் தன்மையில் பேசும் மிகப் பழைய சான்றுகளுள் தலையாயது நான்காம் திருமுறையின் முதற்பதிகமாகிய திருவதிகைப் பதிகம். ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர், தம் வயிற்றினுள் வெளித்தோன்றாமல் குடலோடு பிணைந்து முடக்கும் நோயை அதில் முறையிடுகிறார். தாம் செய்த கொடுமைகள் பலவாக இருக்கலாம், அவற்றைத் தாம் அறியவில்லை என்பதே அவர் நிலை. வலி உண்டு, அதன் இடம் தெரிகிறது, தன்மை தெரிகிறது, காரணம் தெரியவில்லை. நோயாளியின் வாக்குமூலம் என்ற அளவில் இதனினும் துல்லியமாக ஒன்றைக் கூற இயலாது.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்துச் சேக்கிழார் இதே நிகழ்வை விரித்துரைக்கும்போது காரணம் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுவிடுகிறது. தாம்பரத்திற்கு வடக்கே, இன்றைய சென்னைப் புறநகரான குன்றத்தூரில் பிறந்த அவர், பெரியபுராணத்தில் அந்நோயின் வருகையைக் கதைக்குள் ஒழுங்குபடுத்துகிறார். தம்பி சமணம் சார்ந்து தருமசேனர் ஆனமைக்குத் திலகவதியார் வருந்தி வேண்ட, இறைவன் அவர் கனவில் தோன்றிச் சூலை தந்து ஆட்கொள்வதாக உரைக்கிறார். பின்னரே பாடலிபுத்திரத்தில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், வலி மூள்கிறது. வடவைத்தீயும் நஞ்சும் வச்சிரமும் ஒன்றுகூடியது போன்ற வலி என்கிறார் சேக்கிழார். சமண முனிவர் மந்திரித்த நீரைப் பருகத் தந்தும் மயிற்பீலியால் தடவியும் பயனில்லை. திருவதிகையில் தமக்கையார் அளித்த திருநீற்றுக்கும் பதிகத்திற்கும் பின்னரே நோய் நீங்குகிறது.

பதிகத்தில் இல்லாத காரணம் புராணத்தில் இருப்பது கவனிக்கத்தக்கது. நோயுற்றவர் அறியாததை, நோயின் முடிவை அறிந்த ஆசிரியர் அறிகிறார். சைவ, சமண முரணின் வரலாற்றுக்கு இது முதன்மைச் சான்று என்பதில் ஐயமில்லை. மருத்துவ வரலாற்றுக்கும் அது சான்றாவது இந்த இடைவெளியாலேயே. அச்சூலை சிறுநீரகக் கல்லா, குடல்வால் அழற்சியா, குடற்புண்ணா என்று இன்று வினவுவோர் சேக்கிழார் செய்ததையே வேறொரு சொற்களஞ்சியத்தால் மீண்டும் செய்கின்றனர். சூலை என்ற சொல்லோ குத்தும் படைக்கலத்தின் பெயரோடு உறவுடையது. சித்த நூல்கள் மூட்டிலும் தசையிலும் தோன்றும் வலிகளுக்கும் அதனை வழங்குகின்றன. அது வலியின் பெயர், உறுப்பின் பெயரன்று.

குன்மம் என்ற சொல்

குன்மத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் எனப்பட்டது என்பது சித்த மருத்துவ ஆசிரியர் கூறும் விளக்கம். அழகிய விளக்கமே, ஆயினும் வடமொழியின் குல்மம் என்ற சொல்லோடு இதற்குள்ள தொடர்பைப் புறக்கணிக்க முடியாது. சரகர் குல்மத்தை ஐந்தாக வகுப்பர். அங்கு அது வயிற்றினுள் திரளும் கட்டியைக் குறித்தது. தமிழ்நூல்கள் அதனை எட்டாக்கின. வாதம், பித்தம், ஐயம் எனக் குற்றத்தால் பெயர் பெற்றவற்றோடு எரிகுன்மம், வலிகுன்மம், சத்திக்குன்மம் எனத் துன்பத்தால் பெயர் பெற்றவையும் யூகி முனிவர் மரபில் இடம்பெறுகின்றன. எரிவது, வலிப்பது, வாந்தியெடுப்பது: நோயாளி வாயிலில் நின்று சொல்லும் சொற்களே வகைப்பெயர்களாயின. கட்டியைக் குறித்த சொல் தமிழ் மரபில் புலனுணர்வைக் குறிக்கும் சொல்லாக விரிந்தது எனக் கொள்ளலாம்.

இவ்வளவு அகன்ற சொல்லை ஒரே நோயில் அடக்குவதன் இடர்ப்பாட்டைச் சானடோரியம் என்ற ஊர்ப்பெயரே உணர்த்தும். டேவிட் சௌரி முத்து 1928இல் அங்கு நிறுவிய காசநோய் நலவகத்தால் அப்பகுதி அப்பெயர் பெற்றது. காசம் நுரையீரலோடு நிற்பதில்லை, குடலையும் பற்றும். அப்போது நீடித்த வலி, உணவு ஒவ்வாமை, வாந்தி, மெலிவு, சில வேளைகளில் கையால் தொட்டறியத்தக்க கட்டி ஆகியன தோன்றும். குன்மம் என்று பழைய வைத்தியர் ஓலையில் குறித்தவருள் குடற்காசம் உடையோர் எத்தனையர், கணையநோய் உடையோர் எத்தனையர் என்பதைப் பிரித்தறிய வழியில்லை.

நெய்யூர்: கத்தி கண்ட வடு

வலிக்கு உடலினுள் ஓர் இடம் உண்டென்று தென்னாட்டில் பெருமளவில் கண்கூடாகக் காட்டியது அறுவை மருத்துவமே. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்குவதுமான நெய்யூரில், இலண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அங்கு 1922இல் பார்வையாளராக வந்தவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். அவ்வாண்டு எவரெஸ்ட் ஏறும் குழுவில் இடம்பெற்றுத் திரும்பும் வழியில் தென்னாட்டைச் சுற்றிப்பார்த்த அந்த அறுவை மருத்துவர், நோயாளர் கூட்டத்திற்கும் மருத்துவர் எண்ணிக்கைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாழ்வை விடுத்து நெய்யூரிலேயே பணியேற்றார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று 28,000 அடி உயரத்தை நெருங்கித் திரும்பியவரும் அவரே. மலையேற்ற வரலாறு அவரை நன்கு நினைவில் வைத்திருக்கிறது. இரைப்பை அறுவை வரலாறு, அதிலும் தமிழில், அவ்வளவாக நினைவில் வைத்திருக்கவில்லை.

நெய்யூருக்கு வந்தோருள் முன்சிறுகுடற்புண் உடையோர் வியக்கத்தக்க அளவில் மிகுந்திருந்தனர். இப்புண்ணைக் கதிர்ப்படம் இன்றியே, நோயாளி கூறும் வரலாற்றைக் கொண்டே அறியலாம் என்று லீட்ஸ் நகரத்து மாய்னிகன் 1910இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியிருந்தார். பசித்தால் வலிக்கும், உண்டால் தணியும், நள்ளிரவில் எழுப்பும் என்பது அவ்வரலாறு. தென்னாட்டு நோயாளியிடம் இதனோடு மற்றொன்றும் சேர்ந்திருந்தது. புண் பல்லாண்டு ஆறியும் மூண்டும் வந்ததனால் வடு இறுகி, இரைப்பையின் வாயில் குறுகி, உண்டது இறங்காமல் வாந்தியாக வெளிவந்தது. குருதிப்போக்கும் துளைபடுதலும் மேலைநாடுகளை நோக்கக் குறைவாகவும் இவ்வடைப்பு மிகுதியாகவும் காணப்பட்டது தென்னாட்டுப் புண்ணின் தனித்தன்மை எனப் பிற்கால ஆய்வாளரும் குறிப்பர். நோயாளர் மருத்துவமனைக்கு மிகத் தாமதமாகவே வந்தனர் என்பதற்கும் அவ்வடு சான்றாகும். குன்மம் என்ற பெயரோடு எத்தனை ஆண்டுகள் வீட்டிலேயே கழிந்தனவோ அத்தனை இறுக்கம் வடுவில் இருந்தது.

அடைபட்ட வாயிலைத் தவிர்த்து இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரே இணைப்பதே அங்கு பெரிதும் செய்யப்பட்ட அறுவை. மருந்தோ தொடர் கண்காணிப்போ இயலாத ஏழை உழவர்க்கு ஒரே முறையில் நிவாரணம் தருவது அதுவாகவே இருந்தது. சாமர்வெல் தம் உடன்பணியாளர் ஆருடன் சேர்ந்து 1936இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் இவ்வனுபவத்தை எழுதினார். 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதன்பின் 1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். அறுவை மருத்துவருக்கு வலியின் இடம் ஐயமற விளங்கியது. ஆயினும் புண் ஏன் இங்கு இத்தனை பேருக்கு வந்தது என்பதற்குக் கத்தி விடை கூறவில்லை.

தட்டில் தேடிய காரணம்

அவ்வினாவிற்கு விடை உணவுத் தட்டில் தேடப்பட்டது. குன்னூரில் உணவாய்வு நடத்திய ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து ஒப்பிட்டார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என அமைந்த சீக்கியர் உணவு பெற்றவை நலமுடன் வளர்ந்தன. அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண ஏழை உணவும் மரச்சீனி மிகுந்த திருவிதாங்கூர் ஏழை உணவும் பெற்றவற்றின் இரைப்பையில் புண்கள் காணப்பட்டன. திருவிதாங்கூர் உணவே மிகுதியான புண்ணைத் தந்தது. நெய்யூரில் கண்டதற்கும் குன்னூரில் கண்டதற்கும் பொருத்தம் ஏற்பட்டதாகத் தோன்றியது. மரச்சீனியோ விசாகம் திருநாள் 1880களில் ஊக்குவித்த பயிர். பஞ்சத்திற்குப் பாதுகாப்பாக வந்த கிழங்கே நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

இவ்வாய்வின் பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஏழையின் உணவு ஏழையின் தவறன்று, அது ஆட்சியினரின் பொறுப்பு என்ற வாதத்திற்கு மெக்கரிசனின் எலிகள் வலுச்சேர்த்தன. எனினும் இரண்டு இடைவெளிகள் இருந்தன. எலிகளின் புண் இரைப்பையில் இருந்தது; தென்னாட்டு நோயாளரின் புண் பெரும்பாலும் முன்சிறுகுடலில் இருந்தது. அதனினும் முக்கியமானது, நோயாளருள் மிகப் பெரும்பான்மையர் ஆண்களாக இருந்தமை. ஒரே அடுக்களையில் சமைத்த ஒரே கிழங்கையும் ஒரே மிளகாயையும் பெண்களும் உண்டனர். பல வீடுகளில் கடைசியாக, எஞ்சியதை உண்டவர்களும் அவர்களே. உணவே முழுக்காரணமெனில் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருத்தல் அரிது. புகையிலை ஒரு விடையாகலாம். வயிற்றுவலிக்காக மருத்துவமனை வரை பயணம் செய்ய யாருக்கு இசைவு இருந்தது என்பது மற்றொரு விடையாகலாம். மருத்துவமனைப் பதிவேடு நோயின் கணக்கு மட்டுமன்று. வந்தவர்களின் கணக்கும் ஆகும்.

இக்குறையை ஓரளவு நீக்கியது எஸ். எல். மல்ஹோத்ராவின் ஆய்வு. இரயில்வே மருத்துவரான அவர், நாடு முழுவதும் ஒரே பணியமைப்பிலும் ஒரே மருத்துவ வசதியிலும் இருந்த ஊழியர்களின் பதிவுகளைக் கொண்டு 1964இல் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டார். தெற்கில் புண் மிகுதி என்பது உறுதியாயிற்று. கோதுமை உண்போர் நன்கு மென்று உமிழ்நீர் கலந்து உண்கின்றனர், சோறும் குழம்பும் உண்போர் மெல்லாது விழுங்குகின்றனர் என்பது அவர் கூறிய விளக்கம். மைசூரில் 1951 முதல் 1967 வரை அறுவை மருத்துவராக இருந்த பிராங்க் டோவி, தீட்டாத அரிசியின் தவிட்டிலும் கொள்ளிலும் உள்ள கொழுப்புப் பொருள்கள் குடற்சுவரைக் காக்கின்றன என்ற கருத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளரிசி அக்காப்பை இழந்தது என்பது அதன் மறுபக்கம்.

மக்கள் வழக்கிலோ காரணம் மிளகாய் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. புது தில்லி மருத்துவர்கள் 1984இல், முன்சிறுகுடற்புண் உடையோரில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 3 கிராம் மிளகாய்த்தூளைச் சேர்த்துக்கொடுத்து, அது புண் ஆறுவதைத் தடுக்கவில்லை என்று காட்டினர். அம்முடிவு இன்றளவும் அடுக்களைகளை எட்டவில்லை. வயிறு வலிப்பவன் வாயைக் கட்டவேண்டும் என்ற அறிவுரையில், வலிக்கு வலிப்பவனே பொறுப்பு என்ற பழைய தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

பெர்த்தில் கிடைத்த விடையும் எஞ்சிய வினாவும்

அதே 1984இல்தான் வாரன், மார்ஷல் இருவரின் விரிவான கட்டுரை லான்செட் இதழில் வந்தது. நோயியல் வல்லுநரான வாரன் 1979இல் இரைப்பைச் சவ்வின்மீது வளைந்த நுண்ணுயிரிகளைக் கண்டார். அமிலத்தில் எதுவும் வாழாது என்ற நம்பிக்கையால் பலரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை காரணமாக வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் கூடுதலான நாட்கள் அடைகாப்புப் பெட்டியில் விடப்பட்டபோதே அவ்வுயிரி வளர்ந்து தென்பட்டது. பின்னர் மார்ஷல் அதனைத் தாமே பருகி இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். அவருக்கு அழற்சி வந்தது, புண் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஒருசில வார மருந்தால் நீங்கக்கூடிய தொற்றுக்காக அதற்கு முந்தைய தலைமுறையினர் இரைப்பையின் அமைப்பையே மாற்றிக்கொண்டனர் என்பது இக்கண்டுபிடிப்பின் கசப்பான பக்கம். ஆனால் நெய்யூர் எழுப்பிய வினா இதனால் தீர்ந்துவிடவில்லை. இந்தியாவில் வயதுவந்தோருள் பெரும்பாலோரிடம் இந்நுண்ணுயிரி உண்டு. புண் வருவோர் சிறுபான்மையரே. வடக்கிலும் தெற்கிலும் தொற்று ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கப் புண் மட்டும் தெற்கில் ஏன் மிகுந்தது என்று டோவி தொடர்ந்து வினவினார். உணவு பற்றிய பழைய ஆய்வுகளை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாதென்பதற்கு இது ஒரு காரணம். வேலூரின் அகநோக்கிப் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த கட்டுரை, இருபதாண்டுகளில் குடற்புண் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. சாமர்வெல் கண்ட நோய் அதன் காரணம் முழுதும் விளங்குமுன்பே மறைந்துகொண்டிருக்கிறது.

கணையத்துக் கல்

குடற்புண்ணே குன்மம் என்ற சமன்பாட்டை மேலும் தளர்த்துவது அதே நிலப்பகுதியில் வெளிப்பட்ட மற்றொரு நோய். கேரளத்தின் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளரை ஆராய்ந்து 1968இல் நூலாக எழுதியது அது. சிறுவயதில் காரணம் தெரியாத வயிற்றுவலி, இளமையில் நீரிழிவு, நடுவயதை எட்டுமுன் இறப்பு என்ற வரிசையில் அது குடும்பங்களைத் தாக்கியது. எளிய கதிர்ப்படத்தில் கணையம் முழுவதும் கற்கள் வெண்மையாகத் தெரிந்தன. மதுப்பழக்கம் அற்ற ஏழைச் சிறுவர்க்குக் கணையநோய் ஏன் வரவேண்டும்? மீண்டும் மரச்சீனியே குற்றவாளியாக நிறுத்தப்பட்டது. அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் கணையத்தை அரிக்கிறது என்பது கோட்பாடு.

சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நெடுங்காலம் மரவள்ளி கொடுத்து, அதனால் கணைய அழற்சியோ நீரிழிவோ தோன்றவில்லை என்று 2000இல் எழுதினர். ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்த குழு 2002இல், ஸ்பிங்க்1 என்னும் மரபணுவின் மாற்றம் இந்நோயாளரிடம் மிகுந்திருப்பதைக் கண்டது. கணையத்தின் செரிமானப் பொருள் கணையத்தையே செரித்துவிடாமல் தடுக்கும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. மாற்றம் உடையோர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோயாளர் எல்லோரிடமும் மாற்றம் இல்லை. கிழங்கின்மீதிருந்த பழி பெரிதும் நீங்கியது; காரணம் பகுதியாகவே விளங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் இச்சிறுவர்களைக் கண்ட வைத்தியர் அவர்களுக்கும் குன்மம் என்ற பெயரையே தந்திருப்பார்.

மீண்டும் அறிகுறியின் பெயர்

அகநோக்கி பரவலான பின், வயிற்றுவலியோடு வருவோருள் பெரும்பகுதியினரிடம் புண்ணோ கல்லோ கட்டியோ எதுவும் இல்லை என்பது தெளிவாயிற்று. கருவி கூர்மையடைந்தபோது காரணமற்ற வலி குறையவில்லை. காரணமற்றது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வலி மிகுந்தது. முன்பு வடு, கல், கட்டி ஆகியவற்றின் பெயரால் நோயை அழைத்த மருத்துவம், இவர்களுக்காக வேறு வகைப்பாட்டை நாடியது. செயல்சார் செரிமானக் கோளாறு என்று பெயரிட்டு, உரோம் நகரின் பெயரால் வழங்கும் பன்னாட்டு வரையறைகள் 2006இல் அதனை இரண்டாகப் பிரித்தன. உண்டபின் வயிறு நிரம்பி உப்பிய உணர்வும் சிறிதளவு உண்டதுமே நிறைவும் தோன்றுவது ஒன்று. மேல்வயிற்றில் வலியோ எரிச்சலோ நீடிப்பது மற்றொன்று. அகநோக்கியில் எதுவும் தென்படாதபோது, நோயாளி சொன்ன எரிச்சலையும் வலியையும் மட்டுமே கொண்டு இவ்விரண்டாம் வகை இன்று சீட்டில் குறிக்கப்படுகிறது. எரிகுன்மமும் வலிகுன்மமும் குறிக்கப்பட்ட முறையும் அதுவே.